சித்திரைக் கனிக்குப் பறித்த டெய்சி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு முட்டாள். இது என் மனைவி கோமதிக்குக் கல்யாணமான வாரமே தெரிந்துபோன விஷயம். வட இங்கிலாந்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவுக்குத் தெரியத்தான் ஏழெட்டு வருஷம் பிடித்தது. தெரிந்த நாள், சித்திரை ஒன்று.

எங்கள் தெரு லாடம் போல வளைந்திருக்கும். நடுவே ஒரு பொதுப் புல்வெளி. புல்வெளிக்கு நடுவே ஒரு கிழட்டு ஓக் மரம். சித்திரைப் பிறப்புக்கு முந்தின நாள், நகரசபை ஆள் வந்து இயந்திரத்தை ஓட்டிப் புல்லை மொட்டையடித்துவிட்டு, மரத்துக்குக் கிழக்கே கால்வாசி இடத்தை மட்டும் வெட்டாமல் போயிருந்தான். அங்கே டெய்சி பூத்துக் கொட்டிக் கிடந்தது. வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்போல, எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே தென்காசி ஜவுளிக்கடையின் மஞ்சள் பையோடு இறங்கி, அத்தனை பூவையும் பறித்து முடித்தேன். பறிக்கும்போது விசில் வேறு அடித்தேன்.

இதில் என்ன முட்டாள்தனம் என்று ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம். கேட்பீர்கள். எங்கள் ஊரான மேலகரத்திலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் விடிகாலையில் நடந்து பாருங்கள். வாக்கிங் வரும் ஆண்களில் பாதிப் பேர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். சர்க்கரையைக் குறைக்க நடக்கிறார்கள் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் அவர்கள் நடப்பது, அடுத்தவர் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே எட்டிப் பார்க்கும் நந்தியாவட்டைக்கும் செம்பருத்திக்கும்தான். அந்தச் சங்கத்தில் நானும் ஆயுள் உறுப்பினர். வீட்டுக்காரர் பார்த்துவிட்டால் "சாமிக்கு, அண்ணாச்சி" என்று ஒரு வார்த்தை போதும். அதற்கு மேல் எந்த வழக்கும் நிற்காது.

எனக்குப் பூ தேவைப்பட்டதும் சாமி காரியத்துக்குத்தான். கேரளம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் எங்கள் பக்கம் சித்திரை விசுவுக்குக் கனி காண்பது வழக்கம். முந்தின நாளே தாம்பாளத்தில் பழம், வெள்ளரிக்காய், நகை, வெற்றிலை எல்லாம் வைத்து, பின்னால் ஒரு கண்ணாடியைச் சாத்தி, அதன் தோளில் சரக்கொன்றைப் பூவைத் தொங்கவிடுவார்கள். விடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டே வந்து அதன் முன்னால்தான் திறக்க வேண்டும். வருஷத்தின் முதல் பார்வை நல்லதில் விழவேண்டும் என்பது கணக்கு. இங்கே பழம் கிடைக்கிறது, வெள்ளரி கிடைக்கிறது, வெற்றிலைகூட ஒரு குஜராத்தி கடையில் கிடைத்துவிடுகிறது. சரக்கொன்றைக்கு எங்கே போவது? டெய்சியின் நடுவிலும் மஞ்சள் இருக்கிறதே, அது போதும் என்று சமாதானம் செய்துகொண்டேன். பூவை ஈரத் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். என்னைப் போல் பொறுப்பான தகப்பன் உண்டா என்று என்னையே மெச்சிக்கொண்டுதான் படுத்தேன்.

2

இந்த ஏற்பாடெல்லாம் என் மகளுக்காக. அவள் பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மனின் பெயர். அந்தப் பெயரை வைத்தபோது நான் இங்கிலாந்து வருவேன் என்று அம்மனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வந்த புதிதில் இங்குள்ள அலுவலகங்களில் அந்தப் பெயர் பட்ட பாடு தனிக் கதை. குடும்பப் பெயர் எங்கே என்றார்கள். கிடையாது என்றேன். கிடையாது என்பதை எழுத அவர்கள் கணினியில் இடம் கிடையாது. கடைசியில் என் பெயரை அவளுக்குக் குடும்பப் பெயராக்கி, அவள் பெயரை மூன்று துண்டாக வெட்டி, நடுத்துண்டு காணாமல் போய், ஒரு அட்டையில் அவள் 'மிஸ்டர் குழல்' ஆனாள். பள்ளிக்கூடத்தில் 'மொழி'யை மட்டும் பிடித்துக்கொண்டு மோலி என்று கூப்பிட்டார்கள். இப்போது பதினாலு வயது. வீட்டிலும் மோலி என்றால்தான் திரும்பிப் பார்க்கிறாள். நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் பதில். சில நாள் அந்த ஒரு சொல்லும் கிடையாது, தோளைக் குலுக்குவதோடு சரி.

அன்று காலை கோமதிக்கு ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்ட். அவள் நர்ஸ். முதலில் கனி கண்டுவிட்டு, டெய்சியைப் பார்த்து "இது எங்கன பறிச்சது?" என்று கேட்டாள். "வெளிய" என்றேன். பஸ்ஸுக்கு நேரமானதால் விசாரணையை ஒத்திவைத்துவிட்டுப் போனாள். ஈஸ்டர் விடுமுறை என்பதால் தூங்கிக்கொண்டிருந்த மொழியை எழுப்பி, கண்ணைப் பொத்தி, படி இறக்கிக் கூட்டிவந்தேன். அந்த மட்டுக்கும் சண்டை போடாமல் வந்தாள். கையை எடுத்தேன்.

கண்ணாடியில் அவள் முகம். அதைச் சுற்றி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்ட நூற்றுக்கணக்கான டெய்சி. ஆமாம், ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. சாயங்காலம் ஆனால் அந்தப் பூ மூடிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. நான் கனி காட்டிய லட்சணம் இது. பார்க்க வந்தவள் கண்ணைத் திறக்கிறாள், பார்க்கப்பட வேண்டியது கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது.

மொழி தாம்பாளத்தை வெகு நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்குப் போய்ப் புல்வெளியைப் பார்த்தாள். திரும்பியபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அது மார்கரெட்டின் பூ என்றாள், ஆங்கிலத்தில். அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. நகரசபை ஆள் டீ குடிக்கப் போகவில்லை. அந்த இடத்தை வெட்டாதே என்று தெருவே எழுதிக் கேட்டதால்தான் விட்டுவைத்திருக்கிறான். எழுதியது என் மகள். அன்றைக்கு மதியம் தெருப்பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, மார்கரெட் டீச்சர் வீட்டு வாசலிலிருந்து ஓக் மரம் வரைக்கும் டெய்சிச் சங்கிலி கோப்பதாக ஏற்பாடு. எட்டும்படி கோத்துக் காட்டுகிறேன் என்று டீச்சருக்கு வாக்குக் கொடுத்திருந்ததும் என் மகள்தான்.

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. மாடிக்குப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மெதுவாகத்தான் சாத்தினாள். அதுதான் பயமாக இருந்தது.

3

மார்கரெட் டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பக்கத்து வீடு. ஓய்வு பெற்றவர். மொழி ஆறு வயதில் இங்கே வந்தபோது பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை. ஊமை என்று நினைத்து ஒரு நிபுணரைக்கூட வரவழைத்தார்கள். அந்த வசந்தத்தில் டீச்சர் அவளைப் புல்லில் உட்காரவைத்து, டெய்சிக் காம்பை நகத்தால் கீறி, அந்தக் கீறலுக்குள் அடுத்த பூவின் காம்பை நுழைத்து, அதைக் கீறி அடுத்ததை நுழைத்து, சங்கிலி கோக்கக் கற்றுக்கொடுத்தார். ஒரு பூவுக்கு ஒரு சொல். சங்கிலி அவள் இடுப்புக்கு வரும்போது அவளுக்கு வாக்கியம் வந்துவிட்டது. அன்றிலிருந்து வருஷா வருஷம் தெருப்பிள்ளைகளோடு டீச்சர் சங்கிலி கோப்பார். இரண்டு வருஷமாகக் கண்பார்வை மங்கிவிட்டது. கீறல் தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அடுத்த வாரம் மகனோடு இருக்க வேறு ஊருக்குப் போகிறார். ஆக இதுதான் கடைசிச் சங்கிலி. அதைத்தான் நான் விசிலடித்துக்கொண்டே பறித்தது.

டெய்சி என்ற சொல் எனக்கு அதுவரை பூவே இல்லை. எங்கள் ஜில்லாவில் டெய்சி என்றால் கணக்கு டீச்சர். நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு டெய்சி டீச்சர் இருந்தார், ஆலங்குளத்தில் படித்த கோமதிக்கும் ஒரு டெய்சி டீச்சர் இருந்திருக்கிறார். இரண்டு பேரும் கணக்கு, இரண்டு பேரிடமும் பிரம்பு. அந்தப் பெயருக்குப் பகலின் கண் என்று அர்த்தம் என்று மார்கரெட் டீச்சர் சொன்னபோது, கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தாலும் என்னைப் பார்த்துவிடும் அந்தக் கண்தான் நினைவுக்கு வந்தது. காலையில் திறக்கும், மாலையில் மூடும், ஆகவே பகலின் கண். டீச்சர் இதை எனக்குச் சொல்லி மூன்று வருஷம் இருக்கும். தலையை ஆட்டிக் கேட்டேன். காதில் வாங்கியது கனி காட்டிய அன்றைக்குத்தான்.

அவர் சொன்னதும் பிற்பாடு நானாகப் படித்ததுமாகக் கொஞ்சம் தேறும். நாம் ஒரு பூ என்று நினைப்பது ஒரு பூ அல்ல. நடுவில் இருக்கும் மஞ்சள் பொட்டில் எத்தனையோ குட்டிப் பூக்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. சுற்றியுள்ள ஒவ்வொரு வெள்ளை இதழும் ஒரு தனிப் பூ. கூட்டுக் குடும்பம். நம் சூரியகாந்தி இதற்குப் பெரியப்பா மகன். சுந்தரபாண்டியபுரத்து வயலில் வரிசையாக நின்று, மலையாளிகள் குடும்பம் குடும்பமாக வந்து போட்டோ பிடிக்கும்போது தலை கொடுக்கிறதே, அதே சூரியகாந்திதான். செவ்வந்தி, கரிசலாங்கண்ணி எல்லாம் இதே வகையறா. வாய்க்கால் கரையில் முளைக்கும் மூக்குத்திப் பூவும் சொந்தம். கிரிக்கெட்டில் முட்டி பெயர்ந்தால் மூக்குத்திப் பூச்செடியின் இலையைக் கசக்கித்தான் நாங்கள் காயத்தில் பிழிவோம். இந்த ஊர்க்காரர்கள் அந்தக் காலத்தில் அடிபட்ட இடத்துக்கு டெய்சியை அரைத்துப் போட்டிருக்கிறார்கள். ரோமானியப் படையோடு போன வைத்தியர்கள் வாள்வெட்டுக்கு டெய்சிச் சாற்றில் துணி நனைத்துக் கட்டினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. அதன் லத்தீன் பெயர் 'அழகு' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி, 'போர்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி. இரண்டும் ஒரே வீட்டில் இருக்க முடியும் என்பது கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும்.

அடையாளங்களுக்கும் குறைவில்லை. வட ஐரோப்பாவின் பழைய காதல் தெய்வத்துக்கு உகந்த பூ என்கிறார்கள். கிறிஸ்தவ ஓவியங்களில் களங்கமின்மைக்கு அடையாளம். குழந்தையிலேயே இறந்துபோனவர்களின் தாய் தகப்பனைத் தேற்றக் கடவுள் பூமியில் தூவியது என்றும் ஒரு பழங்கதை. டீச்சர் அதை மட்டும் வேகமாகச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். நானும் ஏனென்று கேட்டதில்லை. காதலில் சிக்கியவர்கள் ஒவ்வோர் இதழாகப் பிய்த்து, பிடிக்கும், பிடிக்காது என்று ஜோசியம் பார்ப்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இது. பூவுக்கொரு பொருள் வைத்துப் பேசிய காலத்தில், ஒருவன் காதலைச் சொல்ல, அவள் பதிலுக்குக் காட்டு டெய்சியைக் கொடுத்தால் 'யோசித்துச் சொல்கிறேன்' என்று அர்த்தமாம். அதைப் படித்ததும் எனக்கு உள்துறை அலுவலகத்தின் ஞாபகம் வந்தது. எங்கள் குடியுரிமை விண்ணப்பம் உள்ளே போய் மாதங்கள் ஆகின்றன. எப்போது கேட்டாலும் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வருகிறது. இவ்வளவு எழுதுவதற்கு ஒரு டெய்சியை உறையில் போட்டு அனுப்பியிருக்கலாம்.

4

அந்த விண்ணப்பம்தான் அன்று காலை முதலில் நினைவுக்கு வந்தது. அதில் விண்ணப்பதாரரின் நன்னடத்தை பற்றிப் பக்கம் பக்கமாகக் கேட்டிருந்தார்கள். போர்க்குற்றம் செய்ததுண்டா, பயங்கரவாதத்துக்கு உதவியதுண்டா என்றெல்லாம் கேட்டதற்கு நெஞ்சை நிமிர்த்தி இல்லை என்று எழுதியிருந்தேன். பூ பறித்ததுண்டா என்று மட்டும் கேட்கவில்லை; கேட்காததற்குக் காரணம் மனிதன் அவ்வளவு தூரம் இறங்கமாட்டான் என்ற நம்பிக்கையாக இருக்கலாம்.

தெருவின் வாட்ஸ்அப் குழுவில் எதிர்வீட்டு கிரகாம் எழுதிவிட்டார். யாரோ புல்வெளியைச் சூறையாடியிருக்கிறார்கள், நகரசபைக்குப் புகார் செய்யலாமா என்று. அதற்குக் கீழே அழும் முகங்கள். யாரோ முயலாக இருக்கும் என்றார். முயல் இவ்வளவு சுத்தமாகச் செய்யாது என்று இன்னொருவர். எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதிரி நேரத்தில் நான் கூப்பிடுவது ஒரே ஆளை. என் அண்ணன் மனைவி, இசக்கியம்மாள் மதினி. ஸ்பெஷல் சப் இன்ஸ்பெக்டர். அன்று விசுத் திருவிழா என்பதால் குற்றாலத்தில் பந்தோபஸ்து. அங்கே மதியம் தாண்டியிருந்தது. ட்யூட்டி முடிந்து, சன்னதி பஜாரில் தெரிந்த பூக்கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீடியோவில் தொப்பியோடு முகம் தெரிந்தது. அருவியில் தண்ணீர் நூலாக விழுகிறது, கூட்டம்தான் வெள்ளமாக வருகிறது என்று அலுத்துக்கொண்டார். நான் மெல்ல ஆரம்பித்தேன்.

"மதினி, பொது இடத்துல பூப் பறிச்சா எந்த செக்ஷன்ல வரும்?"

"யாரு பறிச்சா?"

"ஒரு ஃபிரண்டு."

"அந்த ஃபிரண்டுக்கு மேலகரமா?"

நான் போனை லேசாகத் திருப்பி என் முகத்தைத் திரையிலிருந்து விலக்கினேன்.

"எம் புருஷனுக்குக் கூடப் பிறந்த தம்பியா?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பூ, கனி, சங்கிலி, டீச்சர், மாடியில் சாத்திய கதவு. மதினி குறுக்கே பேசாமல் கேட்டார். எத்தனை வாக்குமூலம் கேட்ட காது.

"கொழுந்தனாரே, சொல்லுதேன் கேளுங்க. இங்கிலாந்துச் சட்டம் எனக்குத் தெரியாது. தானா வந்து ஒத்துக்கிட்டவனுக்கு எங்கன போனாலும் ஒரு மருவாதி உண்டு. பிடிச்சு இழுத்துட்டு வந்தவனுக்குக் கெடையாது. இன்னும் முயல் மேல பழி போட்டுக்கிட்டு இருக்காதீய. பூவைக் காட்டுங்க."

காட்டினேன்.

"சங்கிலி கோக்கணும்னு சொன்னிய. காம்பு எங்க?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். காம்பே இல்லை. நாம் பூ பறிக்கும் விதமே அதுதானே. தலையை மட்டும் கிள்ளுவோம், நூலில் கட்ட விரல்நுனி அளவு காம்பு இருந்தால் போதும். இவர்கள் ஊர்ச் சங்கிலிக்கோ நீளக் காம்புதான் உயிர். திருட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்தால்கூட உபயோகமில்லாதபடி திருடியிருந்தேன். மதினி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"வீட்டுல நூல் இருக்கா?"

"கோமதி தையல் பெட்டியில இருக்கும்."

"பூவைத் தண்ணி தெளிச்சு வெயில்ல வைங்க. நூலை எடுத்துட்டு வெளிய போங்க. போகுமுன்ன, மேல கதவைத் தட்டுங்க. அவ இல்லாம நீங்க வெளங்கமாட்டிய."

5

கதவைத் தட்டினேன். பெரியம்மா பேசுகிறார் என்று சொல்லி, திறந்த இடுக்கில் போனை நீட்டினேன். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. மொழி வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் தாண்டிப் போய்த் தையல் பெட்டியை எடுத்தாள்.

பிள்ளைகளும் பெரியவர்களும் ஓக் மரத்தடியில் கூடி, வெறும் புல்லைச் சாவு வீட்டில் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்கரெட் டீச்சர் நாற்காலியில் இருந்தார். நான் மஞ்சள் பையோடும் தாம்பாளத்தோடும் அவர் முன்னால் போய் நின்று, முயல் நான்தான் என்றேன். கனி காண்பதைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். பதற்றத்தில், வருஷத்தின் முதல் நாள் நாங்கள் கண்ணாடியை வணங்கி வெள்ளரிக்காய் பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன்போல. கிரகாமின் புருவம் தலைமுடிக்குள் போய்விட்டது. மொழிதான் பக்கத்தில் வந்து நின்று, சரியாகச் சொன்னாள். வருஷம் பிறக்கும்போது கண் முதலில் திறப்பது அழகானதன் முன்னால் இருக்க வேண்டும், அதற்காக அப்பா உங்கள் பூவை எடுத்துவிட்டார் என்று. 'எடுத்துவிட்டார்' என்பதற்கு அவள் கடுமையான சொல் ஒன்றை உபயோகித்தாள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

டீச்சர் கையை நீட்டித் தாம்பாளத்தைத் தொட்டார். விரல்களால் ஒரு பூவைத் தடவினார். திறந்துவிட்டதே என்றார். குனிந்து பார்த்தேன். வெயில் பட்டு ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறந்துகொண்டிருந்தன. கனி காண வேண்டிய நேரம் எங்கள் வீட்டில் தப்பியது, புல்வெளியில் வாய்த்தது.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல. லேப்டாப்பை நாற்காலிமேல் வைத்து மதினியைப் பெரிதாக வரவழைத்தோம். தொப்பியை மறுபடியும் மாட்டியிருந்தார். காக்கிச் சட்டையையும் தோள் நட்சத்திரத்தையும் பார்த்ததும் பிள்ளைகள் தாமாகவே வரிசையில் உட்கார்ந்தார்கள். கிரகாம் நேராக நின்றார். மதினி குற்றாலத்துப் பூக்கடையில் செவ்வந்தியைக் கையில் எடுத்துக் கட்டிக் காட்ட, என் மகள் மொழிபெயர்த்தாள். ரெண்டு பூவை எடு. தலை ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்க்க, காம்பு மேல காம்பு வை. விரலில் நூலைச் சுற்றி வளையம் போடு. வளையத்தைக் காம்பில் மாட்டி இழு. இது பிள்ளைகளுக்கு. கிரகாமுக்குத் தனியாக, "ஐயாவை நூலைப் பிடிச்சுக்கிட்டு மட்டும் இருக்கச் சொல்லு" என்றார். ஐயாவுக்குக் கட்ட வராது என்று இரண்டே முடிச்சில் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு எந்த வேலையும் தரவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஓர் ஆபத்து தெரிந்தது. நம் கட்டு நெருக்கமான கட்டு. பூ மளமளவென்று தீருகிறது, சரம் டீச்சர் வீட்டு வேலியையே தாண்டவில்லை. மொழி கண்ணால் மரத்தையும் சரத்தையும் அளந்தாள். மொழிபெயர்ப்பை மறந்து நேராகத் திரையைப் பார்த்து, பெரியம்மா, எட்டாது என்றாள்.

மதினி அசரவில்லை.

"எட்டும்ட்டி. நெருக்கிக் கட்டாதீய, தள்ளித் தள்ளிக் கட்டுங்க. முகூர்த்த நாளைக்குக் கடையில முழம் போட்டுக் கொடுப்பாங்கல்லா, அப்படி."

பின்னாலிருந்து பூக்கடைக்கார அம்மாவின் குரல் கேட்டது. "என்ன மேடம், எங்கடையில உக்காந்துக்கிட்டே இப்படிச் சொல்லுதிய."

தள்ளிக் கட்டினார்கள். பூவுக்குப் பூ இடைவெளி விட்டு, பார்ப்பவர்களுக்கு நிறைவாகத் தெரிகிற அந்தச் சாமர்த்தியம் நம் ஊருக்கே உரியது. இதற்காக எத்தனை முகூர்த்தத்துக்கு எத்தனை பூக்கடையில் சண்டை போட்டிருக்கிறேன். அந்த அம்மாக்கள் எல்லோரிடமும் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சரம் வேலியைத் தாண்டியது, நடைபாதையைத் தாண்டியது, புல்லில் இறங்கியது.

அப்போதுதான் மார்கரெட் டீச்சர் தனக்கும் கொஞ்சம் நூல் கேட்டார். மொழி அவர் காலடியில் உட்கார்ந்து, அவர் விரலில் நூலைச் சுற்றி, ஒரு தடவை மட்டும் கூடப் பிடித்து இழுத்தாள். அடுத்த முடிச்சை டீச்சரே போட்டார். அடுத்ததையும். நகத்தால் கீறுவதற்குக் கண் வேண்டும். நம் முடிச்சுக்கு விரல் போதும், காம்பு எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரியும். பூக்கடைகளில் யாரும் கையைப் பார்த்துக் கட்டுவதில்லை, வாசலில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் கட்டுகிறார்கள். டீச்சரும் எங்கேயோ பார்த்துக்கொண்டு கட்டினார். இரண்டு வருஷமாக மடியில் சும்மா கிடந்த கைகள். திரையில் மதினி திடீரென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கை நல்ல கை" என்றார். மொழி அதையும் மொழிபெயர்த்தாள்.

கடைசி முழம் டீச்சருடையது. அதைச் சேர்த்ததும் சரம் மரத்தைத் தொட்டது. தொட்டதோடு நிற்கவில்லை, மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு சிறு துண்டு மிச்சமும் விழுந்தது. மொழி அந்தத் துண்டை டீச்சர் கழுத்தில் போட்டாள். தெரு கைதட்டியது. குற்றாலத்து பஜாரில் முன்பின் தெரியாத நாலைந்து பேர் மதினியின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து அவர்களும் கைதட்டினார்கள். ஒருவர் "எந்த ஊர்த் தேர்?" என்று கேட்டது தெளிவாகக் கேட்டது.

6

நகரசபைக்குப் புகார் போகவில்லை. கிரகாம் வாட்ஸ்அப்பில் முயல் கண்டுபிடிக்கப்பட்டது, மன்னிக்கப்பட்டது என்று எழுதினார். டெய்சியும் கோபித்துக்கொள்ளவில்லை. நான் மொட்டையடித்த இடத்தில் அந்த வாரமே திரும்பப் பூத்துவிட்டது. அதன் குணம் அப்படி. யாரும் விதைப்பதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, வெட்டினால் தலையைத் தாழ்த்தி இருந்துவிட்டு ஆள் போனதும் நிமிர்கிறது, மிதித்தால் மிதித்த இடத்திலேயே பூக்கிறது. ராஜா ராணி தோட்டத்துப் பூக்களுக்கெல்லாம் வேலி உண்டு. இதற்கு இல்லை, ஆகவே எந்தப் பிள்ளையும் பறிக்கலாம், எந்தப் பிள்ளைக்கும் கிரீடம். இத்தனை காலம் இது யாருக்கும் சலிக்காமல் இருப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். என்னைப் போல் பிழைக்க வந்தவனுக்கு இந்தக் குணம் கூடுதலாகப் பிடிக்கும். அது விசா கேட்டு வந்ததில்லை என்பது மட்டும் கொஞ்சம் பொறாமை.

டீச்சர் சொன்னபடி அடுத்த வாரம் புறப்பட்டார். காரில் ஏறும்போது ஒரு நூற்கண்டு கையில் இருந்தது. மகன் வீட்டுத் தெருவிலும் பிள்ளைகள் இருக்கிறார்களாம், விசாரித்துவிட்டாராம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலத்தை. ஷிப்ட் முடிந்து வந்த கோமதி, காலையில் ஒத்திவைத்த விசாரணையை எடுக்காமலேயே மரத்தடியில் நின்று சரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மொழி பிள்ளைகளோடு மிச்ச நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் போர் முடிந்து ஜெயித்த ராஜா பேசாமல் இருப்பானா. மொழியிடம் போய், நான் பறிக்காமல் இருந்திருந்தால் காம்போடு கோத்திருப்பீர்கள், டீச்சர் சும்மா உட்கார்ந்திருப்பார், ஆகப் பார்த்தால் இந்த வெற்றிக்கு முழுக் காரணம் உன் அப்பா என்றேன். அவள் தோளைக்கூடக் குலுக்காமல் நூலைச் சுற்றினாள். அதையே ஊக்கமாக எடுத்துக்கொண்டு, லைப்ரரிக்குப் பின்னாலும் ஒரு புல்வெளி இருக்கிறது, நாளைக்கு அதையும் ஒரு கை பார்த்துவிடுவோமா என்று கேட்டேன்.

என் மகள் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், எங்கள் ஊர்த் தமிழில் சொன்னாள்:

"அடி வாங்குவியப்பா."